கிருஷ்ணகிரி வெயில் பத்தவில்லை என்றார் சார்

பிரிவு உபசார விழாவில் எனக்குப் பேசக் கொடுத்த நேரத்தில் பாதியை மைக் தின்றுவிட்டது. மீதியை மேனேஜர் தின்றுவிட்டார். நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துச் சால்வையைப் போட்டு, கேசரித் தட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். கேசரி நன்றாக இருந்ததால் சண்டை போடவில்லை. ஆனால் போன வாரம், எங்கள் செக்‌ஷனில் கடைசியாக வந்து சேர்ந்த திவ்யா போன் பண்ணினாள். "மேடம், பிளாஸ்டிக்ல சோலார் செல் பண்றாங்களாமே, இப்ப அதோட எஃபிஷியன்சி எங்கயோ போயிடுச்சாம். அந்தக் காலத்துல நம்ம கம்பெனியிலயே பண்ணிப் பாத்தாங்கன்னு ஸ்டோர்ஸ்ல சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டாள். அந்தக் காலமாம்! நான் என்னவோ டைனோசருக்குத் தீனி போட்டவள் மாதிரி. கேட்டுவிட்டாள், இனி படிப்பது அவள் பாடு.

என் பெயர் ரஹ்மத் நிஷா. கிருஷ்ணகிரிக்காரி. அத்தா மாங்காய் வியாபாரி. ஒரு வருஷம் காய்க்கும், இரண்டு வருஷம் கைவிரிக்கும். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கால்குலேட்டருக்கும் லாந்தருக்கும் சோலார் செல் செய்கிற ஓசூர் கம்பெனி ஒன்றில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. கண்ணாடி கழுவினேன். கழுவிய கண்ணாடியைத் திரும்பவும் கழுவினேன்.

சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஓசூரில் அன்று ஒரு ஆளைப் பார்த்தால் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். "பர்மனென்டா, டெம்பரவரியா?" என்றுதான் கேட்பார்கள். பக்கத்து மத்திகிரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அதே கேள்வி. மளிகைக்கடையில் கணக்கு வைக்கக் கேட்டால் அதே கேள்வி. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, டீயைக் கையில் வாங்குவதற்கு முன்பே அதைத்தான் கேட்டார். நான் டெம்பரவரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்னை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்துப் புதிதாக வந்தவள் போல மறுபடி எடுப்பார்கள். கேட்டில் செக்யூரிட்டி என் அட்டையை வாங்கி டிராயரில் போட்டுவிடுவார். அந்த இரண்டு நாளும் சோறு இறங்காது. வீட்டில் அடுப்பு எரிந்ததே என் சம்பளத்தில்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், பம்பாயில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஆசை வந்தது. சிலிக்கான் விலை அதிகம். பிளாஸ்டிக்கிலேயே, அதாவது பாலிமரிலேயே, செல் செய்தால் பெயிண்ட் அடிக்கிற மாதிரி பூசிவிட்டுப் போய்விடலாமே என்று யாரோ அங்கே சொல்லியிருக்கிறார்கள். உடனே மூன்று பேரைப் போட்டுப் பாலிமர் செக்‌ஷன் என்று போர்டு மாட்டினார்கள். தலைவர் டாக்டர் சாம்பசிவம், திருநெல்வேலிக்காரர், எங்களுக்கு எப்போதும் 'சார்'. கண்ணாடி கழுவ நான். வேக்குவம் மெஷின் ஓட்ட பாகலூர் முனிராஜ். அவனும் என்னைப் போல டெம்பரவரிதான். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

தலைமை அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. செல் மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்காவது கரண்டாக மாற வேண்டும். ஒரு வருஷத்துக்குள் அந்த ஒன்றைத் தொட்டால் செக்‌ஷன் நிலைக்கும், முனிராஜும் நானும் பர்மனென்ட். தொடாவிட்டால் பூட்டு. ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன். எங்கள் செல் அரையில் போய் உட்கார்ந்தது. என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை.

செல் செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், சமையலை விடச் சுலபம்தான். கரண்ட் கடத்துகிற பூச்சு கொண்ட கண்ணாடித் துண்டைச் சோப்பில் கழுவி, அசிட்டோனில் கழுவி, ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆரஞ்சு நிறப் பாலிமரையும், கார்பனில் செய்த கறுப்புப் பொடி ஒன்றையும் ஒரு திரவத்தில் கரைத்து, அதில் இரண்டு சொட்டைக் கண்ணாடியில் விட்டுச் சுழற்ற வேண்டும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய படலமாகப் படியும். அதற்கு மேலே முனிராஜ் தன் வேக்குவம் மெஷினில், பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டு, அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பான். அப்புறம் விளக்குக்கு அடியில் வைத்து அளவு. காற்று பட்டால் செத்துப்போகும், ஈரம் பட்டால் செத்துப்போகும். நன்றாக இருக்கும்போதே எதுவும் படாமலும் செத்துப்போகும்.

சார் இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணாடியை இடது ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். சொட்டு விடும்போது மூச்சை அடக்க வேண்டும். "மூச்ச மெதுவா விடுங்கம்மா, படலம் அலைபாயுது பாருங்க" என்பார். எல்லாருக்கும் 'வாங்க போங்க'தான், திட்டும்போதுகூட. "முனிராஜ், நீங்க ஒரு மடையன்னு எனக்குத் தோணுது, தப்பா எடுத்துக்காதிய" என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

சட்டத்துக்கெல்லாம் மேலான சட்டம் 'பெரியவர்' பற்றியது. பெரியவர் என்று நாங்கள் பெயர் வைத்தது ஒரு ரெஃபரன்ஸ் செல்லுக்கு. சின்னக் கறுப்புப் பெட்டி, அதன் மேல் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே நம்பகமான சிலிக்கான் செல். எந்த அளவை எடுக்கும் முன்பும் முதலில் பெரியவரை விளக்குக்கு அடியில் வைப்போம். அவருடைய மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்கு வரும்வரை விளக்கைக் கூட்டிக் குறைப்போம். முள் கோட்டில் நின்றால், விளக்கு இப்போது சரியாக ஒரு சூரியன் என்று அர்த்தம். பிறகு பெரியவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் செல்லை வைத்து அளப்போம். பெரியவரைச் சாரைத் தவிர யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. அவர் பக்கம் பார்த்துத் தும்மக்கூடாது.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. லேத் முதல் டைப்ரைட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கேட்டில் பூசணிக்காய். பொரிக்கு நான் அடிமை, ரகசியம் இல்லை. சார் மட்டும் எங்கள் ரூமுக்குள் பூஜையே கூடாது என்றார். கற்பூரப் புகை படலத்துக்கு ஆகாது. பொரி சுழற்றுகிற மெஷினில் விழும்.

முனிராஜ் விடவில்லை. "சார், பொட்டாவது வெக்கணும் சார். போன கம்பெனில வெக்காத விட்டாங்க, பம்ப்பு ஒரு மாசம் பேசவே இல்ல."

"பம்ப் எங்கவே பேசும்?" என்று சார் கேட்டார். அவருக்குள் இருந்த திருநெல்வேலி 'வே' அவசரத்தில் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் மனசு இளகி, மோட்டார் உடம்பில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். முனிராஜ் பம்புக்கு வைத்தான், வேக்குவம் மெஷினுக்கு வைத்தான், ஃபேன் ரெகுலேட்டருக்கு வைத்தான். கடைசியில் தயங்கி நின்றான். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு பெரியவருக்கு இல்லன்னா எப்படி சார்? பாவம் சார். அவருதானே நமக்கு மூத்தவரு."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சாருக்குத் தோன்றிவிட்டது. ஆனால் பெரியவரை அவரைத் தவிர யார் தொடுவது? கையுறை போட்டார். விரல் நுனியை ஸ்பிரிட்டில் துடைத்தார். சந்தனத்தைத் தொட்டார். மூச்சை அடக்கினார். கோணலாக வைப்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. பெட்டியின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் கண்ணால் அளந்து, நெற்றிக்கு நடுவில் வைப்பது போல அப்பழுக்கில்லாமல் நட்டநடுவில் வைத்தார். அதன் மேல் குங்குமம். பெட்டிக்கு நட்டநடுவில் என்ன இருந்தது என்று இப்போது படிக்கிற உங்களுக்குத் தெரிகிறது. அன்று எங்கள் மூன்று பேருக்கும் அவ்வளவு அழகாக இருந்தார் பெரியவர், வேறொன்றும் தெரியவில்லை.

மறுநாள் அளந்தோம். எங்கள் செல் ஒன்றைத் தாண்டியது.

சார் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி அளந்தார். ஒன்றுக்கு மேலே. வேறு செல்லை வைத்தார். அதுவும் மேலே. "ஏ யம்மா!" என்று ஒரு கத்துக் கத்தினார், பக்கத்து செக்‌ஷனில் இருந்து ஓடிவந்தார்கள். முனிராஜ் என்னைப் பார்த்து, "பர்மனென்ட்டு அக்கா! பர்மனென்ட்டு!" என்று குதித்தான். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது சாருக்கு அடுத்த கவலை. எதனால் கூடியது? எது மாறியது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது, அதுதான் விஞ்ஞானம் என்றார். அந்த வார எல்லா செல்களையும் செய்தபோது என்னென்ன இருந்தது என்று எங்களை நிற்கவைத்து விசாரித்தார். முனிராஜ் பூஜைக்கு எடுத்த கிளிப்பச்சைச் சட்டை போட்டிருந்தான். பதினோரு மணிக்குப் பொரி தின்றோம். நான் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தேன். ஜன்னல் பக்கத்து ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் அப்படியே தொடரணும்" என்றார் சார்.

தொடர்ந்தோம். செல் செய்கிற நாளெல்லாம் முனிராஜ் கிளிப்பச்சைச் சட்டை. ராத்திரி துவைத்து, காயாமல் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வருவான். பாகலூர் பஸ் கண்டக்டர் அவனுக்கு 'கிளி' என்றே பெயர் வைத்துவிட்டார். பதினோரு மணி ஆனதும் சார் கடிகாரத்தைப் பார்த்து, "ம், தின்னுங்க" என்பார், நானும் முனிராஜும் மருந்து மாதிரி பொரி தின்போம். கனகாம்பரம் கிடைக்காத ஒருநாள் நான் மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். சார் என்னைக் கண்ணாடியைத் தொடவே விடவில்லை. பொரி எனக்குப் பிடிக்கும் என்றேன் அல்லவா? அந்த மாதத்தோடு விட்டுப்போனது.

சார் பம்பாய்க்குப் போன் போட்டார். டைரக்டரே திங்கட்கிழமை வருகிறார், விளக்கில் காட்டினால் மட்டும் போதாது, நிஜ வெயிலிலும் எதையாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. பெர்சனல் டிபார்ட்மென்டில் எங்கள் இரண்டு பேருடைய ஆர்டரும் டைப் அடித்துத் தயாராக இருப்பதாகவும், டைரக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றும் முனிராஜ் துப்பறிந்து வந்தான்.

ஓட்டிக் காட்ட, வாழ்த்து அட்டையைத் திறந்தால் டிங்டிங் என்று பாடுமே, அந்தச் சின்ன சர்க்யூட்டைப் பிய்த்து எடுத்தோம். எங்கள் செல்களை வரிசையாக இணைத்து விளக்கின் கீழே வைத்ததும் அது அமர்க்களமாகப் பாடியது. சனிக்கிழமை காலை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தோம். ஒரு முனகல்கூட இல்லை.

சார் வானத்தைப் பார்த்தார். "ஓசூர் வெயில் ஒரு வெயிலா? எப்பப் பாத்தாலும் மூடாக்கு. நல்ல வெயிலாப் பாத்துப் போவோம். ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

கம்பெனி ஜீப்பில், சாமான்களையும் பெரியவரையும் மடியில் வைத்துக்கொண்டு, வெயில் தேடிக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி ரோட்டில் சூளகிரி தாண்டி இறங்க இறங்கச் சூடு ஏறியது. குருபரப்பள்ளியில் ரோட்டோர டீக்கடைக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, பானெட் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். மழை விட்டு வெறித்த வெயில், பானெட்டில் தோசை ஊற்றலாம். லாரி டிரைவர்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

சர்க்யூட் பாடவில்லை.

"வெயில அளந்துருவோம்" என்று சார் பெரியவரை வெளியே எடுத்து, சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தார். மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குப் பாதி வழியில் போய் நின்றுகொண்டது. சார் முகம் மாறியது. "பாதிதான் இருக்கு. கிருஷ்ணகிரி வெயிலும் பத்த மாட்டக்கு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "சார், என்ன வேணா சொல்லுங்க, எங்க ஊர் வெயில மட்டும் குறை சொல்லாதீங்க. இந்த வெயில்ல மாம்பழம் காம்புலயே வேகும் சார்!"

டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னாங்க, வெயிலு பத்தலியாமா? சார வெறுந்தலையோட ஒரு மணி நேரம் நின்னுகினு இருக்கச் சொல்லுங்க, பத்தும்." டிரைவர்கள் சிரித்தார்கள்.

சார் யாரையும் கவனிக்கவில்லை. பெரியவர் மேல் குனிந்து சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகப் பெட்டி மேல் விழுந்தது. ஐயோ பெரியவர் மேல் ஈரமா என்று பதறிக் கைக்குட்டையை எடுத்து ஒற்றினார். முள் லேசாக ஏறியது.

"வெயில் கூடுது!" என்றார்.

இன்னும் ஒற்றினார். முள் இன்னும் ஏறியது. "பாருங்க, பாருங்க, சூரியன் சரியாயிட்டு வருது!" அழுத்தித் துடைத்தார். முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "வந்துட்டு! முழுச் சூரியன் வந்துட்டு!" என்று வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தக் கையில் கைக்குட்டை இருந்தது. மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

சார் கைக்குட்டையைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். துடைத்த கண்ணாடி ஜன்னல் பளபளவென்று இருந்தது.

இத்தனை நாளும் ஜன்னலில் பாதியைப் பொட்டு மறைத்திருக்கிறது. பாதி வெளிச்சத்தைத்தான் பெரியவர் பார்த்திருக்கிறார். அவர் முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவர நாங்கள் விளக்கை இரண்டு சூரியனாக ஏற்றி வைத்திருக்கிறோம். இரண்டு சூரியனில் எங்கள் அரை, ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. தினமும் மூன்று பேரும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மெஷின் என்றால் பொட்டு இருக்கத்தான் செய்யும், அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

முனிராஜ் தன் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். "அப்ப இந்தச் சட்டை?" என்றான்.

ஜீப்பில் ஓசூருக்குத் திரும்பினோம். பெர்சனல் டிபார்ட்மென்டில் டைப் அடித்து வைத்திருந்த ஆர்டர் கண்ணிலேயே நின்றது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "சார், திங்கக்கிழமை ஒருநாள் மட்டும் தாண்டட்டும் சார். அப்புறம் சொல்லிக்கலாம் சார்."

முனிராஜ் இன்னும் ஒரு படி மேலே போனான். "வேணும்னா இன்னொரு பொட்டு வெச்சிடலாமா சார்?"

சார் அவன் பக்கம் திரும்பினார். மடையன் என்றுகூடச் சொல்லவில்லை. "அதை வெச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கதான் சார்."

"ம்" என்றவர் ஓசூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை டைரக்டர் வந்தார். தடித்த மனிதர், நல்ல சிரிப்பு. பெர்சனல் மேனேஜர் ஃபைலோடு பின்னால் வந்தார். இன்றோடு நம் கதை முடிந்தது என்று நானும் முனிராஜும் சுவரோடு ஒட்டி நின்றோம். டைரக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு, "எங்கே, அந்த ஒன்றைக் காட்டுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். சார் பேசியதும் ஆங்கிலம்தான், நான் அவர் தமிழில் சொல்கிறேன்.

சார் விளக்கின் சுவிட்சைப் போட்டார். "விளக்கு நிலைக்கு வர அரை மணி ஆகும் சார். அதுவரைக்கும் காபி குடிச்சுக்கிட்டே இவங்க ரெண்டு பேர் ஆர்டரையும் முடிச்சிரலாமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த விளக்கு நிலைக்கு வர ஐந்து நிமிடம் போதும். அதைச் சட்டமாக எழுதிச் சுவரில் ஒட்டியவரே அவர்தான்.

டைரக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். காபியை ஒரு கையில் வைத்துக்கொண்டு இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். பெர்சனல் மேனேஜர் முத்திரை குத்தினார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, தாளைக் கொடுத்தார்கள். முனிராஜுக்கும் கொடுத்தார்கள்.

சார் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பெரியவரை எடுத்து விளக்கின் கீழே வைத்தார். பாக்கெட்டிலிருந்து சந்தனப் பொட்டலத்தை எடுத்துக் குழைத்து, நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தார். முள் பாதியாகச் சரிந்தது. துடைத்தார். முள் ஏறியது. பிறகு நடந்ததை எல்லாம், குருபரப்பள்ளி வெயில் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். "எங்க செல் இன்னமும் அரைதான் சார். நேத்து முழுக்க உக்காந்து அளந்தேன். பொட்ட வெச்சது நான். வேற யாருக்கும் அதத் தொட உரிமை கெடையாது."

டைரக்டர் முதலில் சிரித்தார், காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெதுவாக நின்றது. "இது உங்களுக்குச் சனிக்கிழமையே தெரியும்."

"தெரியும் சார்."

"அப்படியானால் என்னிடம் ஏன் முதலில் கையெழுத்து வாங்கினீர்கள்?"

"இவங்க கண்ணாடி கழுவினதுல தப்பில்ல. படலம் விட்டதுல தப்பில்ல. அலுமினியம் படிய வெச்சதுல தப்பில்ல. பொரி தின்னச் சொன்னேன், அதையும் தின்னாங்க. தப்பு என் ஒருத்தன் மேலதான். அதனால இவங்களுக்குச் சேர வேண்டியத முதல்ல வாங்கிக் குடுத்துட்டேன். எனக்குள்ளத இப்ப நீங்க சொல்லுங்க சார்."

டைரக்டர் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பாலிமர் செக்‌ஷனை மூடுவதாகவும், மாதக் கடைசியோடு சார் போகலாம் என்றும் சொன்னார். சார் தலையாட்டிவிட்டு, விளக்கை அணைக்கப் போனார். முனிராஜ் தேம்பினான்.

அப்போது டைரக்டர் என் பக்கம் திரும்பினார். ஆர்டரை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட நின்றிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், பின்னால் மறைந்திருந்த கைகளை நினைத்தார் போலிருக்கிறது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

திருப்பிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு மனிதர் தன் வேலையைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது அது.